சிவப்புச் சீட்டு

குளியலறையில் குணவதி வழுக்கி விழுந்து இன்றோடு இருபத்தாறு நாள். இடது கையில் மாவுக்கட்டு. நான்கு மணி நேரம் தரையிலேயே கிடந்தாள்; குழாய்த் தண்ணீர் நிற்காமல் ஓடும் சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு நூர் பீவி ஆள் கூட்டி வந்து கதவை உடைத்தாள். போன வாரம் மகள் காமினி கெப்பாலா பத்தாஸிலிருந்து வந்து, "சனிக்கிழம சுங்கை பாக்காப்புல பிஸியோம்மா, ரெண்டு வாரம் அங்கேயே தங்கணும்" என்று சொன்னாள்; சொல்லிக்கொண்டே ஒரே பிளாஸ்கை மூன்று முறை கழுவினாள்.

குணவதிக்குத் தெரியும். பொய் சொல்லும்போது காமினி பாத்திரம் கழுவுவாள். ஏழு வயதிலிருந்தே அப்படித்தான்.

ஆனாலும் குணவதி எதுவும் கேட்கவில்லை. பெற்ற பிள்ளையைப் பொய்க்காரியாக நிறுத்திப் பார்க்க யாருக்கு ஆசை? அந்தப் பெருந்தன்மை வியாழக்கிழமை காலை பத்தரை மணி வரை நீடித்தது.

பத்தரைக்கு வாசல் மணி அடித்தது. தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு முப்பது வயதுக்காரன் ஒருவன் நின்றான்.

"ஆன்ட்டி, நான் இக்மல். லோரிக்காரன். சாமான் பாக்க வந்தேன்."

"என்ன சாமான்?"

"சனிக்கிழம ஏத்துற சாமான்லா. மூணு மணிக்குத்தான் வரச் சொன்னாங்க. டத்தோ கெராமாட்ல ஒரு வேல சீக்கிரம் முடிஞ்சிருச்சு. இந்தப் பக்கந்தானேன்னு வந்துட்டேன்."

அவன் உள்ளே வந்து கைப்பேசியைப் பார்த்தபடி வீட்டை அளந்தான். "அலமாரி ரெண்டு, தையல் மிஷின், சாமி படம் எல்லாம் கோலாலம்பூர் போவுது. நாற்காலி நாலு, கெப்பாலா பத்தாஸ். கட்டில் தூக்கிப் போடுறது."

"எந்தக் கட்டில்?"

"ஆன்ட்டி கட்டில்தான். அங்க ஹோம்ல கட்டில் இருக்காம். வேணாம்னு எழுதியிருக்காங்க."

இரண்டு வாரப் பிஸியோவுக்குப் போகிறவளின் கட்டிலை யார் தூக்கிப் போடுவார்கள்? குணவதி மேசையைப் பிடித்துக்கொண்டாள். இக்மலுக்கு அப்போதுதான் உறைத்தது.

"ஆன்ட்டிக்குத் தெரியாதா?"

"இப்ப தெரிஞ்சிருச்சில்ல."

"சோரி ஆன்ட்டி. நா..."

"நீ ஏன்பா சோரி சொல்ற. உக்காரு, தண்ணி கலக்குறேன். குடிச்சிட்டுப் போ."

ஒரு கையாலேயே தேநீர் கலக்கிக் கொடுத்தாள். அவன் நாக்கைச் சுட்டுக்கொண்டு அவசரமாகக் குடித்துவிட்டு இறங்கிப் போனான். கதவைச் சாத்தியதும் குணவதி சமையலறை மேசைக்கு வந்தாள்.

அங்கே டேப்லெட் ஒன்று நின்றுகொண்டிருந்தது. மாத்திரை நேரம் சொல்வதற்காக மூத்தவன் லோகேஸ்வரன் கோலாலம்பூரிலிருந்து வாங்கி அனுப்பியது. அதில் பேசும் மென்பொருளுக்குக் 'கூட்டாளி' என்று பெயர். நாலு பேர் சேர்ந்து ஒரு காரியத்தைச் செய்ய நினைத்தால், அது அவர்களோடு பேசிப் பேசி, காரியத்தைப் படிப்படியாகப் பிரித்து, யார் எதைச் செய்வது என்று கேட்டு முடித்துவைக்கும். குணவதியோடு அது மாத்திரையைப் பற்றி மட்டும்தான் பேச வேண்டும். ஆனால் மாத்திரையைப் பற்றி எவ்வளவு நேரம்தான் பேசுவது? இருபது நாளில் பாசார் மீன் விலை வரை இருவரும் பேசிவிட்டார்கள். அது செய்தி வாசிப்பவரைப் போல இலக்கணமாகப் பேசும். இவள் தன் போக்கில் பேசுவாள்.

"கூட்டாளி, சனிக்கிழம எனக்கு என்ன இருக்கு?"

"காலை எட்டு மணிக்கு இரத்த அழுத்த மாத்திரை. உங்களைப் பற்றிய வேறொரு திட்டமும் இருக்கிறது. அதில் நீங்கள் பங்கேற்பாளர் இல்லை. அதனால் விவரத்தைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை."

"என்னப் பத்தின திட்டத்துல நான் இல்லையா?"

"இல்லை. பங்கேற்பாளர்கள் இருவர். லோகேஸ்வரன், காமினி. உங்களுக்குக் காட்டலாமா என்று அவர்களிடம் கேட்கட்டுமா?"

குணவதி சற்று யோசித்தாள். "ரெண்டு பேருல ஒருத்தர் சரின்னா போதுமா?"

"போதும்."

"அப்ப காமினிய மட்டும் கேளு. பெரியவன்கிட்ட அப்புறம் நானே பேசிக்கிறேன்."

*

கெப்பாலா பத்தாஸில் காமினி வேலை செய்யும் கிளினிக்கில் வியாழக்கிழமை கூட்டம் அதிகம். முகப்பு மேசையில் கைப்பேசி அதிர்ந்தபோது அவள் நோயாளி அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

'அம்மா, வீடு மாற்றும் திட்டத்தைப் பார்க்க விரும்புகிறார். காட்டலாமா?' கீழே மூன்று பொத்தான்கள். காட்டு. வேண்டாம். லோகேஸ்வரனிடம் கேள்.

முப்பத்தெட்டு வயது காமினி இதுவரை வாழ்ந்தது முழுக்க அந்த மூன்றாவது பொத்தானில்தான். எந்தக் கோர்ஸ் படிப்பது, எப்போது கல்யாணம், அப்பா போன பிறகு அவருடைய காடியை விற்பதா ஓட்டுவதா, எல்லாவற்றுக்கும் அவளிடம் ஒரே பதில்: அண்ணனக் கேட்டுச் சொல்றேன். அண்ணன் கெட்டவன் இல்லை. கேட்டால் உடனே முடிவு சொல்லிவிடுவான். அதில் ஒரு சௌகரியம் இருந்தது. விரல் பழக்கத்தில் மூன்றாவது பொத்தானுக்கு மேலே போய் நின்றது.

"மிஸ்," என்று எதிரே குரல் கேட்டது. ஒரு மூதாட்டியும் அவள் மகனும் நின்றிருந்தார்கள்.

காமினி நிமிர்ந்து மகனிடம் கேட்டாள். "அம்மாவுக்கு எங்க வலிக்குது?"

"முட்டியில," என்றான் மகன்.

"எத்தன நாளா?"

"ஒரு வாரமா."

மூதாட்டி குடையால் தரையைத் தட்டினாள். "இந்தா பொண்ணு. வலி காலுல. வாய் நல்லாத்தான் இருக்கு. என்னையே கேளு."

வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். காமினிக்குச் சிரிப்பு வரவில்லை. மன்னிப்புக் கேட்டு, அந்த அம்மாளிடமே எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொண்டாள். பிறகு முதல் பொத்தானை அழுத்தினாள்.

அம்மாவின் எக்ஸ்ரேக்காகச் சொல்லியிருந்த அரை நாள் விடுப்பு தொடங்கியதும் பட்டர்வொர்த்துக்கு விரைந்து, அம்மா இருக்கும் தீவுக்கு ஃபெரியில் ஏறினாள். அண்ணனுக்கு அவள் சொல்லவில்லை. அண்ணனுக்குச் சொல்லாமல் அவள் செய்த முதல் காரியம் இதுதான்.

*

திட்டத்தில் பதினான்கு படிகள் இருந்தன. குணவதி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதலிலிருந்து ஒவ்வொன்றாகப் படிக்கத் தொடங்கினாள்.

மூன்றாவது படி: சுங்கை பாக்காப் முதியோர் இல்லத்தில் நிரந்தர இடம். பொறுப்பு, லோகேஸ்வரன். முடிந்தது. ஆறாவது படி: வீட்டுக்கு வாடகை ஆள். பொறுப்பு, லோகேஸ்வரன். முடிந்தது. ஏழாவது படி: அம்மாவிடம் பிஸியோ என்று சொல்வது. பொறுப்பு, காமினி. முடிந்தது.

ஏழாவது படியில் பச்சை நிறத்தில் ஒரு 'சரி' அடையாளம் இருந்தது. வீட்டுப்பாடத்துக்கு டீச்சர் போடுவதைப் போல. அந்தப் பச்சையைத்தான் குணவதியால் தாங்க முடியவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டாள்.

அதற்கு மேல் அவள் போகவில்லை; அந்தப் படிக்குக் கீழே ஓர் உரையாடல் இருந்தது.

கூட்டாளி: 'அம்மாவிடம் சொல்லப் போவது உண்மை அல்ல. அவருடைய சம்மதத்தைக் கேட்கட்டுமா?' லோகேஸ்வரன்: 'அப்புறம்.' இரண்டு நாள் கழித்து மறுபடி அதே கேள்வி, அதே 'அப்புறம்'. மறுநாள் மூன்றாவது முறை. அதற்கும் 'அப்புறம்'.

"நீ மூணு வாட்டி கேட்டியா?"

"கேட்டேன்."

"பெத்த புள்ளைங்களுக்குத் தோணல. ஒனக்குத் தோணியிருக்கு."

"உங்களைப் பற்றிய திட்டத்தில் உங்கள் பதில் இல்லாமல் இருந்தது. அதனால் கேட்டேன்."

இரண்டரை மணிக்குக் காமினி வந்தாள். உள்ளே நுழைந்து கதவுச் சங்கிலியை மாட்டினாள். அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பார்த்தவுடன் கால் தானாகச் சமையல் தொட்டியின் பக்கம் திரும்பியது.

"பாத்திரத்தத் தொடாத," என்றாள் குணவதி. "இங்க வந்து உக்காரு."

காமினி உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் அழுதாள். "பயமா இருந்துச்சும்மா. அன்னைக்கு நூர் பீவி அக்கா போன் பண்ணப்ப நீங்க செத்துட்டீங்கன்னே நெனச்சிட்டேன். அண்ணன் இதுதான் வழின்னு சொன்னாரு."

"ஒங்க பயத்துக்கு என் கட்டிலத் தூக்கிப் போடணுமா?"

காமினி முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நா கோவப்படுறேன்னு நெனைக்காத. கோவந்தான். ஆனா நீ பட்டன அமுக்கி எனக்குக் காட்டின பாரு, அதையும் சேத்துத்தான் கணக்குப் பாக்குறேன்." குணவதி டேப்லெட்டை அவள் பக்கம் திருப்பினாள். "இப்ப என்னய இதுல சேத்துடு."

காமினி சேர்த்தாள். திரையில் லோகேஸ்வரன், காமினி என்ற பெயர்களுக்குக் கீழே குணவதி என்று மூன்றாவது பெயர் வந்தது. பதினான்கு படிகளுக்குப் பிறகு.

இந்த இடத்தில் பாயான் லெப்பாஸைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். குணவதி முப்பத்திரண்டு வருடம் அங்கே மின்னணுத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவள். பத்தொன்பது வயதில் மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார்ந்தவள், லைன் லீடராகி ஓய்வு பெற்றாள். அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஒரு ட்ரேயில் சந்தேகம் வந்தால், வேலைக்கு நேற்றுச் சேர்ந்த பெண்கூட அதன் மேல் சிவப்புச் சீட்டு ஒட்டலாம். சீட்டில் ஒரு கேள்வி எழுத வேண்டும். அதற்குப் பதில் வந்து, ஒட்டியவளே கையெழுத்துப் போடும்வரை ட்ரே நகராது. ஒரு முறை குணவதி ஒட்டிய சீட்டைக் கிழிக்கச் சொல்லி வெள்ளைக்கார மேனேஜர் அரை மணி நேரம் கத்தினார். குணவதி கையைக் கட்டிக்கொண்டு அரை மணி நேரம் நின்றாள். ட்ரே நகரவில்லை.

"கூட்டாளி, இத ஹோல்டு போட முடியுமா?"

"பங்கேற்பாளர் யாரும் நிறுத்தி வைக்கலாம். நிறுத்தியவர் ஒப்புக்கொள்ளாமல் மற்றவர்கள் தொடர முடியாது. காரணம் சொல்லுங்கள், பதிவு செய்கிறேன்."

குணவதி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "எழுது. என்னையக் கேட்டீங்களா?"

திரை முழுக்கச் சிவப்பானது. அந்தச் சிவப்பைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு நெஞ்சு நிறைந்தது. ஒன்றரை நிமிடத்தில் கோலாலம்பூரிலிருந்து அழைப்பு வந்துவிட்டது.

*

"யாரு திட்டத்த நிப்பாட்டினது?" திரையில் லோகேஸ்வரன் அலுவலக நாற்காலியில் இருந்தான். கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. "காமினி, நீயா?"

"நாந்தான்," என்றாள் குணவதி.

"அம்மா. நீங்க இத எப்படி..." அவன் தங்கையைப் பார்த்தான். காமினி முதல் முறையாகப் பார்வையை விலக்காமல் இருந்தாள்.

"நாந்தான் காட்டினேன்ண்ணே."

"என்னக் கேட்டிருக்கலாம்லா."

"கேக்கல," என்றாள் காமினி.

லோகேஸ்வரன் நெற்றியைத் தேய்த்தான். "அம்மா, கேளுங்க. நீங்க நாலு மணி நேரம் தரையில கெடந்தீங்க. எனக்கு போன் வந்தப்ப மீட்டிங்ல இருந்தேன். இன்னொரு வாட்டி அந்த மாதிரி போன் எடுக்க என்னால முடியாதும்மா. கேட்டா நீங்க வேணாம்னுதான் சொல்வீங்க. அதான் கேக்கல."

பிள்ளை பயந்திருக்கிறான். அது பொய் இல்லை.

"எனக்கும் பயந்தான்யா," என்றாள் குணவதி. "அந்தத் தரையில கெடந்து உங்க அப்பா பேரச் சொல்லி அழுதேன். இது வரைக்கும் யார்கிட்டயும் சொல்லல. நீ நேரா வந்து உக்காந்து, அம்மா இப்படி ஒரு எடம் இருக்கு, போறீங்களான்னு கேட்டிருந்தா, ஒருவேள சரின்னுகூட சொல்லியிருப்பேன். அந்த ஒருவேளையத்தான் நீ என்கிட்டேருந்து எடுத்துட்ட."

பதில் இல்லாத ஆண்பிள்ளைகள் செய்வதைத்தான் லோகேஸ்வரனும் செய்தான். குரலை உயர்த்தினான்.

"கூட்டாளி, ஹோல்ட எடு."

"எடுக்க முடியாது. குணவதியின் கேள்விக்குப் பதில் வரவில்லை. கேள்வி: என்னைக் கேட்டீர்களா?"

"அம்மா, இது பேக்டரி இல்ல."

"தெரியும்லா. பேக்டரியா இருந்தா இதுக்குள்ள ஒனக்கு மெமோ வந்திருக்கும். இந்த வீடு என் பேருல இருக்கு. நா எங்கயும் போகல."

காமினி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டாள். லோகேஸ்வரனின் முகம் சிவந்தது.

"குணவதி," என்றது கூட்டாளி. "உங்களிடமும் ஒரு கேள்வி இருக்கிறது. திட்டத்தை நிறுத்திவிட்டீர்கள். அதைப் போட்டதற்கான காரணம் அப்படியே இருக்கிறது. மறுபடி விழுந்தால் என்ன செய்வீர்கள்?"

"நீ யாரு பக்கம்?"

"நீங்கள் மூவரும் பங்கேற்பாளர்கள்."

குணவதிக்குக் கோபம் வந்தது. சரியான கேள்வி என்பதால் இன்னும் அதிகமாக வந்தது. "எழுது. பாத்ரூம்ல கைப்பிடி வெக்கணும். உள்ள தாழ் போட மாட்டேன். நூர் பீவிகிட்ட ஒரு சாவி. காலையில எட்டு மணிக்கு நா மாத்திர போட்டேன்னு சொல்லலன்னா நீ ரெண்டு பேருக்கும் போன் அடி."

"எழுதிவிட்டேன். இது பகலுக்குச் சரி. நூர் பீவி மாலையில் மகள் வீட்டுக்குப் போய்விடுவார் என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். இரவுக்கு?"

குணவதி மாவுக்கட்டைத் தடவிக்கொண்டாள். மகனும் மகளும் அவளையே பார்த்தார்கள்.

"தெரியல," என்றாள் கடைசியில். "அந்த எடத்தக் காலியா விடு. பொய்ய எழுதி நெரப்பாத."

"காலியாக விடுகிறேன். இன்னொன்று. பத்தாவது படிக்கான தகவல், திட்டத்தை நிறுத்துவதற்கு முன்பே வெளியாட்களுக்குப் போய்விட்டது. நிறுத்தச் சொல்லிச் செய்தி அனுப்பினேன். இன்னும் படிக்கப்படவில்லை."

"பத்தாவது என்ன?"

லோகேஸ்வரன் சட்டென்று முன்னால் சாய்ந்தான். காமினியும் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். இன்று மூன்று மணிக்கு அம்மாவை எக்ஸ்ரேக்குக் கூட்டிப்போவது அவள் வேலை. அந்த நேரத்தில் காலியாக இருக்கும் வீட்டுக்கு, லோகேஸ்வரன் கொடுத்த சாவியோடு வாடகைக்காரர்கள் அளவெடுக்க வருவதாக ஏற்பாடு. சண்டையில் எல்லோரும் அதை மறந்துபோனார்கள்.

மணி மூன்றுக்கு இரண்டு நிமிடம். வாசல் பூட்டில் வெளியிலிருந்து சாவி திரும்பியது.

கதவு திறந்து, காமினி மாட்டிய சங்கிலியில் இடித்து நின்றது. இடைவெளியில் அளவு நாடா பிடித்த ஒரு கை தெரிந்தது.

"அம்மா, தொறக்காதீங்க," என்றான் லோகேஸ்வரன். "நா அவங்ககிட்ட பேசிக்கிறேன்."

இருபத்தாறு நாளாக அவன்தான் எல்லோரிடமும் பேசிக்கொண்டிருந்தான். குணவதி எழுந்துபோய் நல்ல கையால் சங்கிலியைக் கழற்றினாள்.

வெளியே ஒரு பெண் நின்றாள். இருபத்தைந்து வயது இருக்கும். தலையில் இளநீலத் துணி, ஆறேழு மாதக் கர்ப்பம். மாடிப்படி ஏறிய களைப்பில் சுவரைப் பிடித்திருந்தாள். குணவதியையும் அவள் மாவுக்கட்டையும் உள்ளே ஒளிரும் சிவப்புத் திரையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நா ஹனா. ஜன்னல் அளக்க வந்தேன் ஆன்ட்டி. ஒன்னாந்தேதி குடி வர்றோம். என் வீட்டுக்காரருக்கு எப்பவும் நைட் ஷிப்ட், அதான் நா மட்டும் வந்தேன்." அவள் தயங்கினாள். "இந்த வீட்டுல யாரும் இல்லன்னுதானே சொன்னாங்க?"

"நா இருக்கேன்," என்றாள் குணவதி.

ஹனாவின் கண்களில் நீர் திரண்டது. "நாங்க பழைய வீட்டக் காலி பண்ணிட்டோம் ஆன்ட்டி," என்றாள். இவளையும் யாரும் கேட்கவில்லை, சொல்லத்தான் செய்திருக்கிறார்கள் என்று குணவதிக்குப் புரிந்தது.

"உள்ள வாம்மா. மொதல்ல உக்காரு. காமினி, தண்ணி கொண்டா." ஹனாவைத் தன் நாற்காலியில் உட்காரவைத்து, டேப்லெட்டை அவள் பக்கம் திருப்பினாள். "கூட்டாளி, இன்னொரு ஆளச் சேத்துக்க. கேட்டுட்டுச் சேத்துக்க."

"அம்மா," என்றான் லோகேஸ்வரன். யாரும் திரும்பவில்லை.

"வணக்கம் ஹனா," என்றது கூட்டாளி. "இங்கே ஒரு திட்டம் நின்றுபோய் இருக்கிறது. அதில் சேர உங்களுக்குச் சம்மதமா?"

ஹனா குழம்பிப்போய்க் குணவதியைப் பார்த்தாள். "என்ன திட்டம் ஆன்ட்டி?"

"இன்னும் போடலம்மா," என்று குணவதி பக்கத்தில் உட்கார்ந்து, இரவுக்கு என்று காலியாக விட்டிருந்த இடத்தைத் தொட்டுக் காட்டினாள். "சேர்ந்துதான் போடணும்."